விடுதிப் பூனைக்கு விடுமுறை உண்டா?

தமிழ்ப்பள்ளியில் படித்த நம் எல்லாருக்கும் பூனையைப் பற்றி மூன்று செய்திகள் தெரியும். ஒன்று, தெனாலிராமன் வளர்த்த பூனை பாலைக் கண்டால் ஓடும். இரண்டு, பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்கும். மூன்று, பூனை குறுக்கே போனால் போகிற காரியம் விளங்காது. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்து முடித்தபோது என்னிடம் இருந்த பூனை அறிவு இவ்வளவுதான். உயிருள்ள ஒரு பூனை எதைத் தின்னும், எதைத் தின்னக்கூடாது, அதற்கு நோய் வந்தால் எப்படித் தெரியும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-இல் என் பக்கத்தில் அமர்ந்த மலாய்த் தோழியின் வீட்டில் நான்கு பூனைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி அட்டையும் இருந்தது. “பூனைக்குக்கூட அட்டையா?” என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாய் நாம் வளர்ப்பது, பூனை மலாய்க்காரர் வளர்ப்பது என்பது எங்கள் தாமானில் எழுதாத சட்டம். அந்தச் சட்டம் எனக்குள்ளும் இருந்தது.

அன்பு வாசகர்களே, இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பூனைக்குச் சோறு போடுவது வேறு, பூனையைப் பராமரிப்பது வேறு. விடுதி மாணவர்களாகிய நாம் இவ்விரண்டையும் ஒன்றென நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தவற்றை நானே செய்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

தொம்போக்

எங்கள் விடுதிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெண் பூனை இருந்தது. வெள்ளை உடலில் கறுப்பும் பழுப்பும் திட்டுத்திட்டாக இருக்கும். அதனால் எல்லாரும் அதைத் ‘தொம்போக்’ என்று அழைத்தார்கள். திட்டு விழுந்த பூனை என்றாலே இந்நாட்டில் அதுதானே பெயர்!

முதலாண்டின் இரண்டாம் தவணையில் அதற்குச் சோறு போடத் தொடங்கினேன். பி.டி.பி.டி.என். பணம் வந்த வாரத்தில் மாமாக் கடைக் கோழி. பணம் தீர்ந்த வாரத்தில் மெகி மீ. நாசி லெமாக்கின் நெத்திலி, சம்பல் ஒட்டிய முட்டை, மீன் குழம்பு ஊற்றிய சோறு என்று நான் எதைத் தின்றேனோ அதையே அதுவும் தின்றது. விரிவுரை முடிந்து நான் வரும் நேரம் அதற்குப் பழகிவிட்டது. மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம்வரை வந்து காலைச் சுற்றும். முதன்முறையாக வீட்டைப் பிரிந்திருந்த எனக்கு அது பெரிய ஆறுதல். உண்மையைச் சொன்னால், நான் அதற்குத் தந்ததைவிட அது எனக்குத் தந்ததே அதிகம்.

தேர்வு நெருங்கிய வேளையில் அது 3 குட்டிகளை ஈன்றது. துணி துவைக்கும் அறைக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியில் அவற்றை வைத்தோம். நாங்கள் ஆறு பேர் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம், படமெடுத்தோம், பெயர் வைத்தோம். தேர்வு முடிந்தது. ஏறத்தாழ இரண்டு மாத விடுமுறை. அறையைக் காலி செய்ய வேண்டும். கடைசி நாளன்று ஒரு பெரிய பை பூனை பிஸ்கட் வாங்கி, அதன் வாயைக் கிழித்து, பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். ஒரு வாளியில் தண்ணீரும் வைத்தேன். அப்பாவின் காரில் ஏறியபோது மனம் நிறைந்திருந்தது. பெரிய தருமம் செய்துவிட்டதாக நினைப்பு.

திரும்பி வந்தபோது அட்டைப்பெட்டி இல்லை. தாயும் இரண்டு குட்டிகளும் இல்லை. ஒரேயொரு குட்டி விலா எலும்பு தெரியக் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் மூக்கின் மேல் ஆறாத புண். விடுதிப் பாதுகாவலர் சொன்ன பிறகுதான் நடந்தது புரிந்தது. நான் கிளம்பிய அன்று மாலையே குரங்குகள் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டனவாம். சிற்றுண்டிச்சாலை மூடியிருந்தது. குப்பைத்தொட்டிகளும் காலி. பாதுகாவலர் தம் சோற்றில் ஒரு பிடியை அவ்வப்போது வைத்திருக்கிறார். அதனால்தான் அந்த ஒன்றாவது மிஞ்சியது. மற்றவை என்னவாயின என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வைத்து, ‘இங்கேயே இரு, உனக்குக் கிடைக்கும்’ என்று அந்தத் தாய்க்குப் பழக்கியவள் நான். பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு போனவளும் நான்தான்.

மூக்கில் ஒரு புண்

என் பள்ளித் தோழிக்கும் இதே பல்கலைக்கழகத்தில்தான் இடம் கிடைத்திருந்தது. அவள் வெளியே வாடகை வீட்டில் தங்கியிருந்தாள். குட்டியின் படத்தை அனுப்பியதும் உடனே அழைத்தாள். “கையுறை இல்லாமல் தொடாதே” என்பதுதான் அவள் சொன்ன முதல் சொல்.

கால்நடை மருத்துவர் அதை ஸ்போரோடிரைக்கோசிஸ் என்னும் பூஞ்சைத் தொற்று என்றார். மண்ணிலும் மட்கும் இலைதழைகளிலும் வாழும் பூஞ்சை அது. நம் நாட்டில் பூனைகள் ஒன்றையொன்று கீறும்போதும் கடிக்கும்போதும் பரவுகிறது. மூக்கிலும் முகத்திலும் கால்களிலும் புண்ணாகத் தோன்றும். நோயுற்ற பூனை கீறினால் மனிதருக்கும் வரும். கீறல் பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பிறகு அந்த இடத்தில் கட்டியோ புண்ணோ தோன்றினால் மருத்துவரிடம் பூனை கீறியதை மறக்காமல் சொல்ல வேண்டும். இந்நோய்க்கு மருந்து உண்டு. ஆனால் நாள் தவறாமல் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். புண் ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். ‘ஆறிவிட்டதே’ என்று பாதியில் நிறுத்தினால் மீண்டும் வரலாம்.

விடுதியில் விலங்கு வளர்க்க அனுமதியில்லை. தோழி தன் வீட்டுப் பின்கட்டில் கூண்டு வைத்துக் குட்டியைச் சேர்த்துக்கொண்டாள். மருந்துச் செலவு என்னுடையது. மூன்று மாதங்கள் என் சேமிப்பு கரைந்தது. “சோறு போட்டது நீ, கூண்டு கழுவுவது நான்” என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

பாலும் சோறும்

அந்த மூன்று மாதங்களில் நான் கற்றவை பல. முதலில் பால். பூனைக்கும் பாலுக்கும் உள்ள உறவு நம் இலக்கியத்தில் மிகப் பழையது. கம்பரே தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். ஆனால், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. விரும்பிக் குடிக்கும், பிறகு வயிற்றுப்போக்கு. அவ்வகையில் தெனாலிராமன் பூனை கெட்டிக்காரப் பூனை! வேண்டியது தண்ணீர்தான். சோற்றுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, நாள்தோறும் மாற்ற வேண்டும்.

அடுத்தது சோறு. பூனை இறைச்சியுண்ணி. டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு தானே செய்துகொள்ளாது. இறைச்சி, மீன் வழியாகவே பெற வேண்டும். அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். குழம்பு ஊற்றிய சோற்றால் வயிறு நிரம்பும், உடல் தேறாது. நாய் பிஸ்கட்டும் பூனைக்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களை அழிக்கும். நான் அன்போடு வைத்த சம்பலையும் குழம்பையும் இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். காய்ச்சல் என்று பெனடோல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

விலையுயர்ந்த உணவு வேண்டும் என்பதில்லை. பூனைக்கென்றே செய்த, முழுமையான உணவு என்று பையில் குறிப்பிட்டிருக்கும் பிஸ்கட் போதும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் வரை. அதை இரண்டு வேளையாகப் பிரித்து வைக்கலாம். குட்டிகளுக்குச் சிறிது சிறிதாக மூன்று நான்கு வேளை. தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரம் ஆனதும் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். குடற்புழு மருந்தும் வேண்டும்.

இவையனைத்தையும் நான் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் தெரிந்துகொண்டேன். வீட்டிற்குப் போய் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்ல வேண்டி வந்தபோதுதான் தமிழில் சொல் தேடித் தடுமாறினேன். நம் ஆண்டிதழில் இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

துளசித் தொட்டி

குட்டி குணமடைந்ததும் அடுத்த விடுமுறையில் அதைச் சுங்கை பட்டாணியில் உள்ள எங்கள் வீட்டிற்குக் கொண்டு சென்றேன். பெயர் சின்னு.

“வெள்ளிக்கிழமை அதுவுமா பூனையைத் தூக்கிட்டு வர்றியே!” என்றார் அம்மா. “பூனை முடி வயித்துக்குள்ள போனா நாளைக்குப் பிள்ளை பிறக்காது” என்றார் அத்தை. “தோட்டத்துல நாங்க பூனைக்குச் சோறா வச்சோம்? அதுவா எலி பிடிச்சுத் தின்னும்” என்றார் பாட்டி.

அத்தைக்கு என் பதில் இது. முடியால் அப்படி எதுவும் நேராது. சில பூனைகளின் மலத்தில் ஓர் ஒட்டுண்ணி இருக்கலாம். அது கருவுற்ற பெண்ணின் குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்பது உண்மை. ஆனால், மலம் வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே அது தொற்றும் நிலையை அடைகிறது. மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்து கையைக் கழுவினால் அச்சம் குறையும். கருவுற்ற பெண்கள் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

பாட்டி சொன்னதும் பொய்யில்லை. ஆனால், தோட்டத்து லயத்தைச் சுற்றிப் புல்லும் காடும் எலியும் இருந்தன. நாம் இன்று வாழும் தாமானிலும் விடுதியிலும் இருப்பவை சிமெண்டுத் தரையும் காரும்தான்.

அம்மாவுக்குப் பதில் சொல்லும் முன்பே சின்னு துளசித் தொட்டியைத் தோண்டி மலம் கழித்துவிட்டது. வீடு இரண்டுபட்டது. தவறு பூனையுடையதன்று. நான் மணல் தட்டைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இயந்திரம் உறுமியதும் அது பயந்து ஓடி, அமைதியான மண்ணைத் தேடியிருக்கிறது. தட்டைச் சோற்றுத் தட்டிலிருந்து விலக்கி, சந்தடியில்லாத மூலைக்கு மாற்றினேன். துளசித் தொட்டியின் மண்மேல் கூழாங்கற்களைப் பரப்பினேன். அதன் பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை.

பூனையைப் பழக்க முடியாது என்பார்கள். அடித்துப் பழக்க முடியாது என்பதே சரி. எதற்காக அடிக்கிறோம் என்று அதற்குப் புரிவதில்லை. அடிக்கும் ஆளைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்கிறது. வேண்டாததைத் தடுப்பதைவிட வேண்டியதை எளிதாக்கினால் பூனை பழகும். நாற்காலியைக் கீறியபோது, கனமான கட்டையொன்றில் சணல் கயிற்றைச் சுற்றி அதன் பக்கத்திலேயே நிறுத்தினேன். கீறுவது பூனைக்கு இயற்கை. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும் உடலை நீட்டி முறிக்கவும் அது வேண்டும். ஒவ்வொரு வேளையும் சோறு வைக்கும் முன் டின்னைக் குலுக்கிப் பெயர் சொன்னேன். இரண்டு வாரத்தில் பெயரைச் சொன்னாலே வந்தது. மருத்துவரிடம் கொண்டு செல்லும் கூடையை எப்போதும் திறந்தே வைத்து, உள்ளே இரண்டு பிஸ்கட் போட்டு வைத்தேன். இப்போது அதற்குள்தான் தூங்குகிறது.

பாவமா, பொறுப்பா?

எல்லாவற்றையும்விடக் கடினமானது கருத்தடைப் பேச்சுத்தான். அந்தச் சொல்லை வீட்டில் உரக்கச் சொல்லவே எனக்குக் கூச்சம். அம்மா கேட்டார்: “வாயில்லாத சீவன். அதோட தாய்மையைப் பறிக்கிறது பாவம் இல்லையா?”

இக்கேள்வியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். உயிர்மேல் உள்ள இரக்கத்தால் எழுந்த கேள்வி அது. ஆனால், அந்த இரக்கம் பிறக்கப்போகும் குட்டிகளையும் சேர்த்து எண்ண வேண்டாமா? ஒரு பெண் பூனை 4 அல்லது 5 மாதத்திலேயே கருவுறக்கூடும். கருக்காலம் ஏறத்தாழ 9 வாரம். ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள்வரை பிறப்பது இயல்பு. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனையின் இனப்பெருக்கம் ஓய்கிறது. நிலநடுக்கோட்டருகே உள்ள நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே ஓய்வே இல்லை. பால் குடிக்கும் குட்டிகள் இருக்கும்போதே தாய் மறுபடியும் கருவுறலாம்.

பிறகு என்ன செய்கிறோம்? “சந்தையில விட்டா மீன் கிடைக்கும், பிழைச்சுக்கும்” என்று பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் விடுகிறோம். எங்கள் தாமானிலேயே பார்த்திருக்கிறேன். அது பாவமாகத் தெரியவில்லை. அறுவைச் சிகிச்சை மட்டும் பாவமாகத் தெரிகிறது.

அம்மாவிடம் நான் வாதாடவில்லை. தொம்போக்கின் கதையை, அதுவரை வீட்டில் சொல்லாததை, முழுவதும் சொன்னேன். அந்தப் பிஸ்கட் பையைச் சாய்த்து வைத்த நாளில் காரில் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தவர் அம்மா. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் சின்னுவைக் கூடையில் வைத்து என்னோடு மருத்துவரிடம் வந்தார்.

வசதியில்லாதவர் என்ன செய்வது?

‘மனிதருக்கே வழியில்லை, பூனைக்கு எங்கே போவது?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் படிக்கும் நம்மில் பலருக்கு மாதக் கடைசியில் கையில் பத்து வெள்ளிகூட இருப்பதில்லை. வசதியில்லாதது குற்றமன்று. ஆனால், தனியாக முடியாததை ஆறு பேர் சேர்ந்து செய்யலாம்.

எங்கள் கட்டடத்தில் இப்போது எட்டுப் பேர் இருக்கிறோம். வாரத்துக்கு ஆளுக்கு 2 வெள்ளி. ஒரே இடம், ஒரே நேரம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுகிறோம். அதனால் குரங்கும் எலியும் வருவதில்லை, விடுதி நிருவாகமும் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பணத்தில் இரண்டு பெண் பூனைகளுக்குக் கருத்தடை செய்தோம். மருத்துவர் ஒரு காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளம் வைத்தார். அப்பூனையை மறுபடியும் யாரும் பிடித்துச் செல்லத் தேவையில்லை. விடுமுறையில் பயிற்சிக்காகத் தங்குவோர் பெயரை முன்கூட்டியே பட்டியலிடுகிறோம். யாரும் இல்லாத வாரங்களுக்கு, மூடியுள்ள டின்னில் உணவை அடைத்து, அளவு எழுதிப் பாதுகாவலரிடம் ஒப்படைக்கிறோம். அவருக்குச் சிறு தொகையும் கொடுக்கிறோம்.

சட்டமும் இப்போது சும்மா இருக்கவில்லை. நம் நாட்டில் விலங்கு நலச் சட்டம் 2015, 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டுக்கு மேற்படாத சிறையோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டிற்கு இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். ஆனால், உரிமம் பெறும் முன் பராமரிப்பு வகுப்பொன்றை இணையத்தில் படித்து முடிக்க வேண்டும். முதலில் படி, பிறகு வளர் என்கிறது அங்குள்ள சட்டம். நான் செய்தது நேர் எதிர். அதற்கான விலையைக் கொடுத்தவை தொம்போக்கும் அதன் இரண்டு குட்டிகளும்.

பூனைக்குச் சோறு போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரக்கம் நல்லது. அது தவணையோடு முடிந்துவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன். முதல் பிடியை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘நான் ஊருக்குப் போன பிறகு இதற்கு யார் வைப்பார்?’ பதில் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் முதலில் அந்த ஆளைத் தேடுங்கள்.

விடுமுறைப் பட்டியலை எங்கள் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் மலாயில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக ஒட்டியிருக்கிறோம். வரும் நீண்ட விடுமுறையில் இரண்டாம் வாரத்திற்கும் ஐந்தாம் வாரத்திற்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தங்கப்போகிறவர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து வந்து பெயர் எழுதுங்கள்.